பெனிக்கு துரையின் பூச்செடி

ஆதிகேசவனின் நர்சரிக்குள் செருப்போடு போகக்கூடாது. அது கோயிலும் இல்லை, தர்காவும் இல்லை. கீற்றுக் கொட்டகையின் நடுக்கம்பத்தில் ஒரு வெள்ளைக்காரன் படம் மாட்டியிருக்கும், அவ்வளவுதான். தலையில் செம்மறியாட்டு மயிர் மாதிரிச் சுருள் சுருளாகப் பொய்முடி. கழுத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கு எச்சில் ஒழுகாமல் கட்டிவிடுகிற துணி போல ஒரு வெள்ளைச் சுருக்கு. கையில் ஒரு பூங்கிளை. முகத்தில் பல்வலி. அந்தப் படத்துக்குக் காலையிலும் மாலையிலும் ஊதுவத்தி, வெள்ளிக்கிழமையானால் கனகாம்பரச் சரம். வீட்டில் இருக்கிற முருகன் படத்துக்கு அவர் பெண்சாதி சம்பூர்ணம் நாலு பூ கேட்டால், "விக்கிற சரக்கும்மே அது" என்று வியாபாரம் பேசுகிற மனுஷன், இந்தப் பல்வலிக்காரனுக்கு மட்டும் தாராளமாக அளந்து போடுவார்.

படத்தில் இருக்கிறவன் பெயர் ஜெரமையா ஃபென்விக். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் செடி விற்ற ஆள். எங்கள் தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. பெனிக்கு துரை என்று ஆக்கிவிட்டோம். அதற்கும் ஆதிகேசவனுக்குக் கோபம் வரும்.

இந்தத் துரை கும்மிடிப்பூண்டிக்கு வந்துசேர்ந்த கதை ரொம்பச் சின்னது. அறுபதுகளில் ஆதிகேசவன் மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியின் பங்களாவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போகும்போது சமையல்காரனுக்குக் கட்டில் கிடைத்தது. டிரைவருக்கு ரேடியோ கிடைத்தது. இவருக்கு, தோட்டக்காரன்தானே என்று, தோல் அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். வேறு யாராவது இருந்தால் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டிருப்பார்கள். இவர் மூன்றாம் பாரம் வரைக்கும் படித்தவர். பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளே துரையின் சரித்திரமும் செடிப் படங்களும். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம், முதல் பக்கத்துப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிற வரைக்கும்.

துரையின் சரித்திரம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு ரோஜாக்கன்று வாங்கப்போனாலும் அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். துரை ரொட்டி சுடுகிறவன் பிள்ளை. அப்பன் மாவு பிசையச் சொன்னால் வேலியோரம் போய்ப் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். இந்தப் பிள்ளையை நம் ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடி தாங்காமல் ஓடிப்போய் ஒரு பிரபுவின் தோட்டத்தில் சாணி வாரினான். பிறகு லண்டனுக்கு வெளியே யாரும் சீந்தாத ஒரு சதுப்பு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து நர்சரி போட்டான். இதுவரைக்கும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. உழைத்திருக்கிறான்.

அப்புறம்தான் கெட்டிக்காரத்தனம் ஆரம்பம். துறைமுகத்துக்குப் போய், கப்பலில் இருந்து இறங்குகிறவர்களுக்கு எல்லாம் சாராயம் வாங்கிக் கொடுப்பான். அவர்கள் போய்வந்த தேசத்து விதை, கிழங்கு, காய்ந்த குச்சி என்று எது இருந்தாலும் வாங்கிக்கொள்வான். அந்தந்த ஊரில் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காத செடியைத் தொட்டியில் வைத்து, கண்ணாடி வீடு கட்டி, அதற்குள் அடுப்பு மூட்டிச் சூடு காட்டி வளர்ப்பான். வளர்ந்ததும் அதற்குத் தன் பெயரையோ, தன்னைக் கைதூக்கிவிட்ட பிரபுவின் பெயரையோ சூட்டி, சீமாட்டிகள் தலையில் கட்டிவிடுவான். இதற்குப் பெயர் சாஸ்திரம்.

"அவுரு தொட்டப்புறம்தான் அந்தச் செடிங்களுக்குப் பேரே வந்திச்சி" என்பார் ஆதிகேசவன்.

"அதுக்கு முன்னாடி பேரில்லாமலா இருந்திச்சிங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நாம கூப்புடறதெல்லாம் பேராக்கா? அது சும்மா சத்தம்."

துரை ஒரு நாளாவது நம் பக்கம் வந்தானா என்றால், இல்லை. கப்பலைக் கண்டாலே வாந்தி எடுக்கிறவனாம். ஆனால் பழவேற்காட்டிலிருந்து போன கப்பலில் அவனுக்கு விதை போயிருக்கிறது என்பது ஆதிகேசவனின் கட்சி. அந்த வகையில் துரை நமக்குச் சம்பந்தி முறை. கடைசியில் துரை எப்படிச் செத்தான் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், இவர் குரல் தழுதழுத்துவிடும். தொண்ணூறு வயதில், தன் தோட்டத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரிப் போய்விட்டாராம். ஒரு இலைகூட அன்றைக்கு அசையவில்லையாம். பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்வார்.

நர்சரி இருந்த இடம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டை ஒட்டிய ஒரு நீளத் துண்டு. புறம்போக்கு. அதில் ஒரு கிணறு, கிணற்றில் நல்ல தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் கிணறும் உப்புக் கரிக்கும்போது இது மட்டும் குடிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கிணறு இல்லை என்றால் ஆதிகேசவனும் இல்லை, துரையும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் சர்க்கார் தொழிற்பேட்டை வந்தது. கடலைக்கொல்லைகளுக்கு நடுவே கல் நட்டார்கள், ரோடு போட்டார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு இரும்புக்குழாய்க் கம்பெனிக்கு இடம் ஒதுக்கினார்கள். முதலாளி மெட்ராஸில். மேனேஜர் தலால் என்று ஒரு பம்பாய்க்காரர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாடிவீட்டில், மரத்தை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறார். கம்பெனி வரைபடத்தில் ஆதிகேசவனின் துண்டு நிலத்துக்கு நேரே 'லாரி நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது.

ஆதிகேசவன் பட்டுத்துணியில் சுற்றிய துரை புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனார். மூன்றாம் பாரத்து இங்கிலீஷில் துரையின் வாழ்க்கையை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். தலாலுக்குச் செடி தெரியாதே தவிர, படம் என்றால் பிடிக்கும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வாக்குக் கொடுத்தார். ஆலை திறப்புவிழாவுக்கு முதலாளி குடும்பத்தோடு வருவார். ஆலை வாசலின் இரண்டு பக்கமும் தோட்டம் போட்டு, முதலாளி பார்த்து மெச்சும்படி செய்துவிட்டால், அந்தத் துண்டு நிலத்தைக் கம்பெனி நர்சரி என்று எழுதி ஆதிகேசவனிடமே விட்டுவிடலாம். லாரியை வேறு எங்காவது நிறுத்திக்கொள்ளலாம். மெச்சவில்லை என்றால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"துரை இருக்காரு, பாத்துக்குவாரு" என்றார் வெளியே வந்து.

"ஆமா, அவுருதான் கெணறு வெட்டிக் குடுக்கப் போறாரு" என்றாள் சம்பூர்ணம். அவளுக்குக் கவலை கிணறு.

ஆலை வாசலுக்கு முன்னால் இருந்த கடலைக்கொல்லை, காலனியில் இருக்கிற கன்னியம்மாவுடையது. சர்க்கார் கொடுத்த தரிசைத் திருத்தி அவளும் புருஷனும் கொல்லையாக்கினார்கள். புருஷன் போய்விட்டான். கொல்லை இருந்தது. அதையும் இப்போது எடுத்துக்கொண்டார்கள். கடலை பூ விட்டு விழுது இறங்கியிருந்த சமயம். காய் பிடிக்கிற வரைக்கும் பொறுங்கள், பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று அவள் காலில் விழாத குறையாகக் கேட்டாள். மண் தள்ளுகிற மெஷினுக்கு அன்றைக்குத்தான் வாடகை பேசியிருந்தார்களாம். அது வந்தது, தள்ளியது, போனது.

கன்னியம்மா ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாள். புதிதாக நட்ட கேட்டுக் கம்பத்தின்மேல் வீசினாள்.

"எம் பயிர மண்ணாக்கிட்டீங்களேடா! உங்க வாசல்ல எருக்கு மொளைக்கும்டா! எருக்கு மொளைச்சி, வளந்து, கொத்துக் கொத்தா பூ பூக்கும்டா! பாத்துக்கினே இருங்க!"

ரோட்டில் போன சைக்கிள்காரன்கூட இறங்கிவிட்டான். வாழ்கிற வீட்டு வாசலில் எருக்கு முளைக்காது. குடி போன பிறகு, கூரை விழுந்த பிறகு முளைக்கிற செடி அது. ஒருத்தர் வாசலைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை.

தலால் வெளியே வந்து, அந்த அம்மாள் என்ன சொல்லுகிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார். அளவுக்கயிறோடு பக்கத்தில் நின்றவர் ஆதிகேசவன். கண்ணிமைக்காமல் தன் மூன்றாம் பாரத்து இங்கிலீஷில் சொன்னார்:

"ஆசீர்வாதம் பண்றா சார். உங்க வாசல்ல செடி வளரணும், கொத்துக் கொத்தா பூ பூக்கணும்னு சொல்றா."

சத்தம் கேட்டுப் போய் நானும் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வார்த்தைக்கு வார்த்தை சரிதான், எருக்கைத் தவிர. தலாலுக்குக் கண் கலங்கிவிட்டது. நிலத்தைப் பறிகொடுத்தும் வாழ்த்துகிறாளே என்று உருகிப்போய், வாசல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவளுக்கே கொடுக்கச் சொன்னார்.

கன்னியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஜோசப்பைப் பார்த்தாள். காலனிப் பையன்களில் ஆலை கட்டுகிற வேலைக்கு முதல் முதலாகப் போனவன் அவன், அவளுக்கு அக்காள் மகன்.

"இன்னாடா சொல்றான் இந்தாளு? மண்ண வாரித் தூத்தினா வேலை குடுக்கறான்?"

"வாய மூடிக்கினு வாங்கிக்கோ சின்னம்மா. அவனுக்கு அப்பிடித்தான் சொல்லி வெச்சிகீறாரு நம்ம துரை" என்றான் ஜோசப். அன்றிலிருந்து துரை என்றால் படத்தில் இருக்கிறவனா, கீழே நிற்கிறவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

தோட்டம் போட ஆரம்பித்தார் ஆதிகேசவன். ரோஜா வைத்தார், கருகியது. குரோட்டன்ஸ் வைத்தார், இலை உதிர்த்துக் குச்சியாக நின்றது. கனகாம்பரம் இரண்டு வாரம் மூச்சுவிட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. கரம்பை மண், கட்டடத்து சிமெண்டுத் தூள், அதோடு சித்திரை வெயில். சம்பூர்ணத்துக்கே தெரிந்த ஒரு வழி இருந்தது, காகிதப்பூ வைப்பது. அது கல்லிலும் வளரும். ஆனால் தலால் ஒப்புக்கொள்ளவில்லை. காகிதப்பூ எல்லார் வீட்டிலும் இருக்கிறதாம். முதலாளியின் வாசலில், வேறு எவன் வாசலிலும் இல்லாத செடி இருக்கவேண்டுமாம்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் இவருக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. துரையின் சீமாட்டிகள் இதையேதான் கேட்பார்களாம்.

அன்றைக்கு மத்தியானம் நான் சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"யக்கா! துரை வழி காட்டிட்டாரு! இத பாரு!"

ஒரு பக்கம் முழுக்க வர்ணப் படம். சாம்பல் பூத்த தடித்த இலை. நுனியில் கொத்துக் கொத்தாக, மெழுகில் செய்து வைத்த கிரீடம் மாதிரி ஊதா நிறப் பூ. நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

"இது எருக்கு இல்ல?" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "எருக்கு இங்க. அங்க இது இன்னா தெரியுமா? ஃபென்விக்கியா மெஜஸ்டிகா."

கதையும் சொன்னார். ஒரு கப்பல் கேப்டனின் பெண்சாதிக்கு நம் கரையில் யாரோ ஒரு தலையணை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே எருக்கம்பஞ்சு. லண்டனில் அது கிழிந்து குப்பைக்குப் போகிற நேரத்தில் துரை போய், பஞ்சோடு ஒட்டியிருந்த விதையைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கண்ணாடி வீட்டில் வைத்தான். பனிக்காலம் முழுக்க அடுப்பு அணையக்கூடாது என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். பெண்சாதி குளிரில் இருமிக்கொண்டு கிடக்கிறாள், வீட்டு விறகையும் எடுத்து எருக்கஞ்செடிக்குப் போட்டான். அது பூத்த அன்றைக்கு ஒரு ராஜவம்சத்துச் சீமாட்டி பல்லக்கில் வந்து, மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்து, மயக்கம் போட்டு விழுந்தாளாம்.

"எருக்கம்பால் வாசனைக்கு விழுந்திருப்பா" என்றேன்.

"முப்பது வருசமா இத மிதிச்சிக்கினு போயிருக்கேங்கா. கண்ணிருந்தும் குருடன். துரை சொல்லித்தான் தெரியணும்னு கீது பாரு" என்றார். உண்மையிலேயே கண்ணில் தண்ணீர். ஏரிக்கரையில் இருந்தபோது எருக்கு. படத்தில் வந்த பிறகு மெஜஸ்டிகா. இவருக்கு நாம் என்ன சொல்வது?

"அன்னிக்கு கன்னியம்மா இன்னா சொன்னா, நெனப்பு கீதா? நீதானே மேனேஜருக்குச் சொன்னே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை. நான் சயின்ஸ் ஆளு" என்றார், துரை படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தியபடி.

சம்பூர்ணம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அந்தச் செடிய நர்சரிக்குள்ள கொண்டாந்தியோ, நான் பொதட்டூர்பேட்டைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்." அதனால் நர்சரியில் வைக்கவில்லை. ஏரிக்கரையில் வேரோடு தோண்டி, மாட்டுவண்டியில் ஏற்றி, பட்டப்பகலில் தெருவழியே நேராக ஆலை வாசலுக்கே கொண்டுபோனார். வண்டிக்காரன் தலையில் அடித்துக்கொண்டு ஓட்டினான். இரண்டு பக்கமும் வரிசையாகச் செங்காவி பூசிய பெரிய தொட்டிகள். இலையில் இருந்த தூசியைக் கழுவி, கிளையைக் குடை மாதிரிக் கத்தரித்து, தொட்டிக்குத் தொட்டி ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் இங்கிலீஷில் பெயர். தலால் ஒவ்வொரு தகடாக நின்று படித்தார். பூவைத் தொட்டுப் பார்த்து, இத்தனை வெயிலிலும் வாடவில்லையே என்று அதிசயப்பட்டார். எருக்கு எங்கே வாடியிருக்கிறது?

அந்த ஒரு மாதம் எங்கள் தெருவுக்கு சினிமாவே தேவைப்படவில்லை. மெஷின் பூட்டுகிற வேலைக்கு ரயிலடியில் இருந்து ஷிப்டு ஷிப்டாக வருகிறவர்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, தகட்டைப் படிக்கிற மாதிரிப் பாவனை செய்துவிட்டு, உள்ளே போய்ச் சிரிப்பார்கள். ஒருத்தனும் தலாலிடம் வாயைத் திறக்கவில்லை. எதற்குத் திறக்கவேண்டும்? நிலம் எடுத்தபோது யாரும் ஊரைக் கேட்கவில்லை. செடிக்கு மட்டும் எதற்குச் சொல்லவேண்டும்?

டீக்கடையில் ஜோசப் ஆதிகேசவனை நிற்கவைத்துக் கேட்டான்: "துரை, அடுத்தது இன்னா? ஊமத்தையா, நாயுருவியா?"

"உனக்கு இன்னாடா தெரியும் அதோட அருமை."

"தெரியாதுதான். எங்க காலனி பின்னால நெருஞ்சி நெறைய கீது. சீமையில அதுக்கு இன்னா பேருன்னு கொஞ்சம் பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லேன். நானும் நாலு துட்டு பாக்கறேன்."

கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் காலையில் ஆதிகேசவனின் கிணற்றில் இருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். எருக்குக்குத் தண்ணீரே வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊற்றினாள். ஊற்றும்போது இலையைத் தடவிக்கொடுப்பாள். "குடிடா கண்ணு. நல்லாக் குடி. இன்னும் நாலு கெளை உடு" என்பாள். அவள் வாக்கு பலித்தது மட்டுமில்லை, பலித்த வாக்குக்கு மாதச் சம்பளமும் வந்தது. காலனியில் அவளிடம் சண்டைக்குப் போக அப்போது ஒரு ஆளுக்கும் தைரியமில்லை.

திறப்புவிழா அன்று வாழைமரம் கட்டினார்கள், தோரணம் கட்டினார்கள், நாதஸ்வரம் வைத்தார்கள். ஆதிகேசவன் சலவை வேட்டியும், வெள்ளைக்கார அதிகாரி எப்போதோ போட்டுக் கழித்த ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கக்கத்தில் புத்தகம். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணிச் சுருக்கு வைக்காததுதான் பாக்கி. நாங்கள் எல்லோரும் ரோட்டோரம் இடம் பிடித்து நின்றோம்.

கார் வந்தது. முதலாளி இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள், முதலாளியின் தாயார் இறங்க. குத்துவிளக்கு ஏற்றப் போகிறவர் அவர்தான். தெலுங்குக் குடும்பம். காதில் வைரம், முழங்கால் வலிக்குக் கையில் ஒரு தடி. ஒரு காலைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். வைத்த காலைத் திரும்ப எடுத்துக் காருக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏமிரா இதி? ஜில்லேடா?"

ஜில்லேடு என்றால் தெலுங்கில் எருக்கு. எங்கள் பக்கம் அது எல்லோருக்கும் தெரியும். நாதஸ்வரக்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான்.

முதலாளி தலாலைப் பார்த்தார். தலால் பெருமையோடு தகட்டைப் படித்துக் காட்டிவிட்டு ஆதிகேசவனை முன்னால் தள்ளினார். இவர் பட்டுத்துணியைப் பிரித்து, படத்தைக் காட்டி, "அம்மா, இது லண்டன்ல பெரிய பெரிய மகாராணிங்க தோட்டத்துல இருந்த செடி. ஜெரமையா ஃபென்விக்னு ஒரு மகான்..." என்று தொடங்கினார்.

"நைனா," என்றார் அந்த அம்மாள், "லண்டன்ல எந்த ஊடு பாழாச்சின்னு நான் கேக்கல. எம்புள்ள ஊட்டு வாசல்ல இத ஏன் வெச்சேன்னு கேக்கறேன்."

பத்து வருஷமாகத் துரை, துரை என்று உயிரை விட்ட மனுஷன் அந்தக் கணத்தில் என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தைப் பட்டென்று மூடி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"புள்ளையாருக்கு உகந்ததும்மா எருக்கம்பூ. மொதல் கடவுளாச்சே, மங்களமா இருக்கட்டுமேன்னு..."

"சரி. புள்ளையாரு எங்க?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தொட்டிகள்தான் இருந்தன.

அந்த அம்மாள் காரில் இருந்தபடியே கூட்டத்தைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தோடு முன்னால் நின்றவள் கன்னியம்மா. "ஏம்மா, நீ சொல்லு. இது இன்னா செடி?"

கன்னியம்மா குடத்தை இடுப்பில் இருந்து இறக்கி வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், கடைசியில் ஆதிகேசவனையும் பார்த்தாள்.

"தொர செடின்னாங்கம்மா. நான் தண்ணி ஊத்தறவ. எங்களுக்கு இன்னாம்மா தெரியும்?"

அதற்குப்பிறகு விளக்கு எப்படி எரியும்? அந்த வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று தாயார் சொல்லிவிட்டார். செடியை எடுத்துவிடலாம் என்றார் தலால். முளைத்ததை எடுத்தால் போகுமா, இது வாசலுக்கே பிடித்த பீடை, வாசலையே மாற்று என்றார் அந்த அம்மாள். தட்சிணைத் தட்டோடு வந்திருந்த புரோகிதரும், வடக்கு வாசல்தான் ஆலைக்கு உத்தமம் என்று தலையாட்டினார். வடக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலாளி கேட்டார். தலால் வரைபடத்தைப் பிரித்தார்.

வடக்குப் பக்கம் ஆதிகேசவனின் நர்சரி இருந்தது.

மறுவாரமே மண் தள்ளுகிற அதே மெஷின் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆதிகேசவன் அதற்கு முன்னால் போய் நின்றார். ஒட்டுமாங்கன்றுகள் தாய்மரத்தோடு கட்டிவைத்தபடி இருந்தன. இன்னும் ஒட்டவில்லை. ஒட்டுப் பிடிக்கிற வரைக்கும் பொறுங்கள், அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். வேகத்தில் இங்கிலீஷ் வரவில்லை. தமிழில் கத்தினார், கையை விரித்தார், மண்ணில் உட்கார்ந்தார். சம்பூர்ணம் கிணற்றுக் கட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

தலால் ஜோசப்பைக் கூப்பிட்டு, அவர் என்ன சொல்லுகிறார் என்று கேட்டார். ஜோசப் அதற்குள் ஆலை இங்கிலீஷ் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஆசீர்வாதம் பண்றாரு சார்" என்றான்.

தலால் நெஞ்சில் கைவைத்து ஆதிகேசவனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, மெஷின்காரனுக்குத் தலையசைத்தார்.

இப்போது லாரிகள் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராகத்தான் உள்ளே போகின்றன. புது வாசலில் இரண்டு பக்கமும் காகிதப்பூ. அதற்கும் கன்னியம்மாதான் தண்ணீர். பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு செடியை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அது விழுந்த இடத்திலேயே வேர் விட்டுக் காடாகிவிட்டது. அந்தப் பக்கம் எந்த அதிகாரியும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால், எருக்குப் புதருக்கு இந்தப் பக்கம் மிஞ்சிக் கிடந்த மண்ணில் கன்னியம்மா ஆடிக்கு ஆடி கடலை போடுகிறாள். நன்றாகவே விளைகிறது.

சம்பூர்ணம் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. போகிற முகம் இல்லை என்கிறாள். ஆதிகேசவன் ரயிலடி வாசலில் கோணிப்பையை விரித்து, துளசியும் செம்பருத்தியும் விற்கிறார். பின்னால் சுவரில் துரை சாய்ந்திருக்கிறான். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்துவிட்டது. பல்வலி அப்படியே இருக்கிறது. போன வாரம் கறிவேப்பிலைக் கன்று வாங்கப் போனேன். வழக்கம்போலச் சரித்திரத்தை ஆரம்பித்தார். கடைசிக்கு வந்ததும் நாற்காலியும் இல்லை, மடியில் பூந்தொட்டியும் இல்லை. துரையின் தோட்டத்தைக் கவர்மெண்டு பிடுங்கிச் சாராய ஆலை கட்டிவிட்டதாம். துரை தெருவில் நின்று, விரட்டிவிட்டவர்களை வாழ்த்திக்கொண்டே உயிரை விட்டாராம்.

"தொண்ணூறு வயசுல தூங்கறாப்பல போனாருன்னியே?" என்றேன்.

"அது பொதுஜனங்களுக்குச் சொல்றதுக்கா. உள் விசயம் இதுதான்" என்றார்.

அப்போது ஷிப்டு முடிந்து காலனிக்குப் போகிறவர்களோடு கன்னியம்மா அந்தப் பக்கம் வந்தாள். காலிக் குடம் இடுப்பில். படத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றாள்.

"இன்னா நைனா," என்றாள், "உன் தொர வாடிக் கெடக்கறாப்பல கீதே. ஒரு கொடம் ஊத்தட்டா?"